ஆள் உள்ளே போகட்டும், அப்புறம் கதவு

ஹீரோ பேனாவை மறந்தவர்கள் என் வயதுக்காரர்களில் இருக்க முடியாது. நிப்பை முக்கால்வாசி மறைத்து நுனியை மட்டும் வெளியே காட்டும் கழுத்து, பொன்னிற மூடி, மூடியில் அம்பு வடிவத்தில் ஒரு கிளிப். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி, பரீட்சைக்கு என்று பத்திரமாக எடுத்து வைத்தால், சரியாகப் பரீட்சையன்று சட்டைப்பையில் கசிந்து, சட்டையின் ஆயுளுக்கும் போகாத நீலக் கறை ஒன்றைத் தந்துவிடும். அது ஷாங்காயில் செய்தது என்பதற்கு மேல் சீனாவைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. மூடியில் பொடிசாகப் பொறித்திருந்த இரண்டு சித்திரங்களைப் பூவேலை என்றே நினைத்து வந்தேன். அவை சீன எழுத்துகள் என்றும், இரண்டுக்கும் சேர்த்து 20 கோடுகள் என்றும், அந்த இருபதில் எது முதல் எது அடுத்தது என்று ஒரு வரிசை இருக்கிறது என்றும், வரிசை தப்பினால் எழுத்து அச்சடித்த மாதிரி வந்திருந்தாலும் தப்புதான் என்றும் தெரிந்துகொள்ள 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் அதே பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டு சீனம் படிக்கப் பெய்ஜிங் போய் இறங்கினேன். நகரத்தின் வடமேற்கே வூதாவ்கோ என்ற இடம். ரயில் கேட்டைத் தாண்டினால் வெளிநாட்டவருக்குச் சீனம் சொல்லித்தரும் கல்லூரி. கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் சைக்கிள்கள் நூற்றுக்கணக்கில் தேங்கி நிற்கும். திறந்ததும் எல்லாம் ஒரே சமயத்தில் மணியடித்துக்கொண்டு ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, யார் மேலும் யாரும் இடிக்காமல் கலைந்து போகும். அரிசிக்கும் மாவுக்கும் இன்னும் கூப்பன் இருந்த காலம். நவம்பர் வந்தால் தெருவோரமெல்லாம் சீன முட்டைக்கோஸ் மலை மலையாகக் குவிந்திருக்கும். குளிர்காலம் முழுக்க வேறு காய் அகப்படாது என்று வீட்டுக்கு வீடு வண்டியில் ஏற்றிப்போய் மாடிப்படியில் அடுக்கி வைப்பார்கள். வெளிநாட்டவரான எங்களுக்கென்று தனிப் பணநோட்டு வேறு அச்சடித்திருந்தார்கள். அதை நீட்டினால் கடைக்காரர் நம்மைவிட அந்த நோட்டை அதிக அன்போடு பார்ப்பார்.

போனவனுக்கு இருபத்துச் சொச்சம் வயது, தன்னம்பிக்கைக்குக் குறைவில்லை. ஐந்து வயதில் 247 எழுத்தைப் பாடம் பண்ணியவனிடம் யார் எழுத்தைப் பற்றிப் பேசுவது? சீனத்தில் அன்றாடப் புழக்கத்துக்கு 3,500 எழுத்துகள் என்று 1988-இல் அரசு ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. அதை 247-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, நம்முடைய நெடுங்கணக்கில் வெறும் பதினான்கு மடங்கு, ஒரு குளிர்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன். அந்த இளைஞனை இப்போது எங்கேயாவது பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பி வைப்பேன்.

முதல் நாளே ஹீரோ பேனாவுக்குத் தடை. பென்சில்தான். நோட்டில் வரி கிடையாது, சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் குறுக்கும் நெடுக்கும் புள்ளிக்கோடு ஓடி நாலு அறையாகப் பிரித்திருக்கும். எந்த எழுத்தாக இருந்தாலும், ஒரு கோடு உள்ளதானாலும் இருபது கோடு உள்ளதானாலும், ஒரே அளவு சதுரத்துக்குள் குடும்பம் நடத்தியாக வேண்டும். ஆனால் பென்சிலுக்கும் முன்னால் காற்று. எங்கள் லாவ்ஷி, அதாவது வாத்தியாரம்மா, ஐம்பதைத் தாண்டியவர், நீலச் சட்டையும் துணிச் செருப்புமாக வந்து, எதிரே நின்று எழுதினால் எங்களுக்கு இடம் வலம் மாறிப்போகும் என்பதால் முதுகைக் காட்டி நின்று, ஆள்காட்டி விரலை உயர்த்துவார். அவர் விரலோடு எங்கள் விரல்களும் உயரும். கிடைக்கோட்டுக்கு ‘ஹெங்’, நெடுங்கோட்டுக்கு ‘ஷு’, இடப்பக்கம் சரியும் வீச்சுக்கு ‘பியே’, வலப்பக்கம் இறங்கிக் காலை நீட்டிக்கொள்வதற்கு ‘நா’, புள்ளிக்கு ‘தியேன்’. போடுகிற ஒவ்வொரு கோட்டையும் வாயால் சொல்லியபடி போட வேண்டும். ஒரு ஜப்பானிய வங்கி அதிகாரி, தான்சானியாவிலிருந்து மருத்துவம் படிக்க வந்த இரண்டு பேர், வாயே திறக்காத வடகொரியர்கள், இன்னும் நாலு மாதத்தில் தன் நாடு வரைபடத்தில் இருக்காது என்று தெரியாத ஒரு சோவியத் இளைஞர், நான். எல்லோரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகக் கோரஸ் பாடிக்கொண்டு காற்றில் கோடு இழுத்த அந்தக் காட்சியை வெளியே ஜன்னல் வழியாகப் பார்த்த சமையற்காரர் சிரித்தாரா என்று கேட்காதீர்கள்.

ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. பதினான்கு மடங்குக் கணக்கு பலித்துவிட்டது என்றே நினைத்தேன். பத்துக்கு வந்தோம். பத்து என்பது அசல் கூட்டல் குறி. கூட்டல் குறியை நான் பிறந்ததிலிருந்து மேலிருந்து கீழே இழுத்துவிட்டுக் குறுக்கே வெட்டித்தான் பழக்கம். லாவ்ஷி தோள்பக்கம் வந்து நின்றார். “அழித்துவிடுங்கள்” என்றார். எழுத்தைக் கவனித்தேன்; பாடப்புத்தகத்தில் இருக்கிற பத்துக்கும் என் பத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. “சரியாகத்தானே இருக்கிறது?” “இருக்கிறது. வந்த வழி சரியில்லை. கிடைக்கோடு முதலில், நெடுங்கோடு பிறகு.” விடை சரியாக இருந்தும் வழிமுறைக்கு மதிப்பெண் குறைத்த கணக்கு வாத்தியார்கள் நம்மில் எல்லோருக்கும் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மொழி செய்தது போலிருந்தது எனக்கு.

விதிகள் என்னவோ கொஞ்சம்தான். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, கிடைக்கோட்டுக்குப் பின் நெடுங்கோடு, இடச்சரிவுக்குப் பின் வலச்சரிவு, நடுவில் ஒன்று நின்று இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருந்தால் நடுவில் நிற்பது முதலில். ‘சின்ன’ என்ற எழுத்து அப்படித்தான்: நடுவில் ஒரு கொக்கிக்கோடு, பிறகு இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டு ‘தீ’ என்ற எழுத்துக்குப் போனால், அங்கே பக்கத்துப் பொறிகள் இரண்டும் முதலில், நடுவில் நிற்கிற ஆள் பிறகு. ஏன்? நான் தர்க்கம் பேசினேன். விதிக்கு விதிவிலக்கு இருக்கலாம், விதிவிலக்குக்கு ஒரு காரணமாவது இருக்க வேண்டாமா என்று உடைந்த சீனத்தில் நீளமாகக் கேட்டேன். லாவ்ஷி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்படித்தான்” என்றார். பிற்பாடு யோசித்துப் பார்த்தால், என்னுடைய அந்த வருஷத்துப் படிப்பில் மிகவும் பயன்பட்ட சீனச் சொற்றொடர் அதுதான்.

மதில் சூழ்ந்த எழுத்துகளுக்கு ஒரு விதி உண்டு. அதைச் சீனப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விதத்திலேயே எங்களுக்கும் சொன்னார்: ஆள் உள்ளே போகட்டும், அப்புறம் கதவைச் சாத்து. ‘நாடு’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் அதற்கு 11 கோடுகள். 1956-இல் எழுத்துகளைச் சுருக்கியபோது 8 ஆயிற்று. சுற்றிலும் நாலு பக்கமும் மதில், நடுவில் ஜேட் கல்லைக் குறிக்கும் எழுத்து. முதலில் இடப்பக்கத்துச் சுவர். பிறகு கூரையும் வலப்பக்கத்துச் சுவரும், மூலையில் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில். இப்போது கீழ்ப்பக்கம் திறந்திருக்கிறது. அந்த வழியாக ஜேட் கல்லை, அதற்குரிய வரிசையில், உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். எல்லாம் உள்ளே பத்திரம் என்று ஆன பிறகுதான் அடிக்கோடு. நாங்கள் உற்சாகமாகக் கதவு சாத்திக்கொண்டிருந்தபோது, ஆளை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் வருகிற எழுத்து ஒன்றும் இருக்கிறது, 5 கோடு, அதற்குப் பொருள் கைதி என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். சிரிக்கலாமா கூடாதா என்று வடகொரியர்களைப் பார்த்தோம்.

எனக்குப் பிடிபடாத மர்மம் ஒன்று இருந்தது. வீட்டுப்பாடத்தை நாங்கள் விடுதி அறையில் எழுதுகிறோம், லாவ்ஷி அங்கே இல்லை, மறுநாள் நோட்டைப் புரட்டி, “இதில் கதவை முதலிலேயே சாத்திவிட்டீர்கள், இதில் புள்ளியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்” என்கிறார். எப்படி? ரகசியம் எனக்குப் பென்சிலிலிருந்து பேனாவுக்குப் பதவி உயர்வு கிடைத்த பிறகுதான் விளங்கியது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பிந்திப் போட்ட மை முந்திப் போட்டதன் மேல் ஏறியிருப்பது தெரியும். கதவை முதலில் சாத்தியிருந்தால் உள்ளே போனது இடமில்லாமல் நெளிந்திருக்கும். இவற்றைவிடப் பெரிய சாட்சி, கோட்டின் வால். ஒரு கோட்டை முடித்து அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குக் கை தாவும்போது பேனா நுனி, போகும் திசையில், இம்மியளவு இழுபடும். வேகமாக எழுதுகிற ஷிங்ஷு நடையில் இந்த இழுபறிகள்தான் நூலாகி எழுத்தைக் கோத்துக்கொண்டு போகும். வரிசை தெரிந்தவனுக்கு அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கிறுக்கலையும் படிக்க முடியும். தெரியாதவனுக்கு அது கிறுக்கல். சீனத்துக் கையெழுத்துக் கடிதமும் டாக்டர் சீட்டும் படிக்கிற வித்தை இதில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரே எழுத்தில் சொல்லித்தர அவர்களுக்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ‘யோங்’, என்றென்றும் என்று பொருள். 353-ஆம் ஆண்டு, ஷாவ்ஷிங் பக்கத்தில் லாந்திங் என்ற இடத்தில், வாங் ஷிஜி தம் நண்பர்களோடு வளைந்தோடும் ஓடைக்கரையில் உட்கார்ந்து, நீரில் மிதந்து வரும் கிண்ணங்களில் மது அருந்திக் கவிதை சொல்லி, அந்தக் கவிதைகளுக்கு ஒரு முன்னுரை எழுதினார். சீனத்துக் கையெழுத்துக் கலையில் அதற்கு மேல் ஒன்றில்லை என்பார்கள். அவர் எழுதிய மூலப்படி தாங் பேரரசர் தாய்சோங்கின் சமாதிக்குள் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். இன்று உலகம் வியப்பதெல்லாம் நகல்களைத்தான். அந்த முன்னுரையின் முதல் எழுத்து யோங். அதில் கோடுகள் எண்ணிக்கைக்கு 5-தான், ஆனால் புள்ளி, கிடை, நெடுக்கு, கொக்கி, மேல்வீச்சு, இரண்டு விதமான இடச்சரிவு, வலச்சரிவு என்று 8 வித்தைகள் அதற்குள் அடக்கம். ஒருவனுக்கு இந்த ஓர் எழுத்து வந்துவிட்டால் மற்றவையெல்லாம் பின்னாலேயே வரும் என்பது நம்பிக்கை. எனக்கு மற்றவை வந்தன, இதுதான் வரவில்லை. புள்ளியை வைத்து எடுக்கும்போதே கை அடுத்த கிடைக்கோட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். கிடைக்கோடு தோளில் ஒடிந்து நேரே இறங்கி, அடியில் ஒரு கணம் நின்று, இடப்பக்கமாக மேலே கொக்கி எறிந்து, அந்தக் கொக்கி காட்டுகிற பக்கத்திலேயே அடுத்த வீச்சு தொடங்க வேண்டும். கடைசி வலச்சரிவு போகப் போகக் கனத்து, பாதத்தில் அழுந்தி, மெல்லிசாக வழுக்கி வெளியேற வேண்டும். விடுதியில் வெந்நீர்க் குழாயின் வெப்பத்தில் ஜன்னல் வேர்த்திருக்க, வெளியே எல்லாம் உறைந்திருக்க, இந்த ஒரே எழுத்தை இரவெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அலுப்புக்குள் ஒரு சுகம் இருந்தது. சிலேட்டில் ‘அ’னாவை நூறு தடவை எழுதிய கை உங்களுக்கும் இருக்குமானால், நான் எந்தச் சுகத்தைச் சொல்கிறேன் என்று தெரியும்.

ஜப்பானிய வங்கி அதிகாரியின் கதை வேறு. அவருக்கு எழுத்துகள் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். அவருடைய கையெழுத்து லாவ்ஷியின் கையெழுத்தைவிட அழகு என்றுகூட நாங்கள் குசுகுசுத்துக்கொள்வோம். ஆனால் ‘வயல்’ என்று எழுதினார் என்றால் வகுப்பில் ராஜதந்திர நெருக்கடி. மதிலுக்குள் ஒரு கூட்டல் குறி, அதுதான் வயல். சீனத்தில் உள்ளே முதலில் கிடைக்கோடு. ஜப்பானில் உள்ளே முதலில் நெடுங்கோடு. ‘அரசன்’ எழுத்திலும் இதே வழக்கு: மூன்று கிடைக்கோடு, ஒரு நெடுங்கோடு, சீனர் இரண்டு கிடைக்கோட்டை முடித்துவிட்டு நெடுக்கே இறங்குவார், ஜப்பானியர் ஒன்று முடிந்ததுமே இறங்கிவிடுவார். லாவ்ஷி திருத்துவார். வங்கி அதிகாரி எழுந்து நின்று, குனிந்து வணங்கி, நன்றி சொல்லி, உட்கார்ந்து, மறுபடியும் தம் வரிசையிலேயே எழுதுவார். ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958-இலேயே இதற்கு ஒரு கையேடு போட்டிருந்தது. அதில் உள்ள வரிசை மட்டும்தான் சரி என்று அந்தக் கையேடே சொல்லவில்லை என்பது அதன் பெருந்தன்மை.

பெருந்தன்மை காய்கறிச் சந்தையில் இன்னும் தாராளம். 1977-இல் எழுத்துகளை இன்னும் ஒரு சுற்றுச் சுருக்கி, ஜனங்களுக்குக் குழம்பிப்போய், 1986-இல் அந்தச் சுருக்கலையே அரசு வாபஸ் வாங்கிவிட்டது. சந்தைக்குச் சேதி போகவில்லை. ‘முட்டை’க்குரிய 11 கோட்டு எழுத்தின் இடத்தில் ‘விடியல்’ என்ற 5 கோட்டு எழுத்தைச் சாக்பீஸால் எழுதி, கோழி விடியல் இன்ன விலை என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். நாம் சிரிக்க முடியாது. 1978-இல் அரசாணையால் ‘லை’யும் ‘ணை’யும் தும்பிக்கையை இழந்த பிறகும் எங்கள் பெரியப்பா தம் கடைசிக் கடிதம் வரை யானையைக் கட்டிப்போட்டுத்தான் எழுதினார்.

வரிசைக்கு உண்மையான உபயோகம் ஒன்று இருந்தது. அது நோட்டில் இல்லை, உள்ளங்கையில் இருந்தது. சீனத்தில் ஒரே ஒலிக்கு ஏகப்பட்ட எழுத்துகள். பெயரைச் சொன்னால் எந்த எழுத்து என்ற கேள்வி வரும். உடனே இடக்கையை விரித்து, வலக்கை விரலால் அதில் எழுதிக்காட்டுவார்கள். மை இல்லை, தடம் இல்லை. எதிரே இருப்பவர் படிப்பது விரல் போகிற போக்கைத்தான். இருவருக்கும் ஒரே வரிசை தெரிந்திருந்தால் மட்டுமே இது நடக்கும். புத்தகக் கடையில் கான்டன்காரப் பேராசிரியர் ஒருவர் பேசியது பெய்ஜிங் பெண்ணுக்கு ஓர் அட்சரம் புரியாமல், இருவரும் கண்ணாடி மேஜைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று, பேச்சை நிறுத்திவிட்டு, உள்ளங்கையிலேயே வியாபாரத்தை முடித்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தின் பெயர் எனக்குக் காதில் விழவில்லை. கண்டக்டர் அம்மாள் டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் கையையே பிடித்து விரித்து, அதில் ‘ஷின்ஜியேகோ’ என்று விரலால் எழுதினார். மூன்று எழுத்து, 28 கோடு, எல்லாம் வரிசைப்படி. கூச்சத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டே நான் அதைப் படித்துவிட்டேன். கடைசி எழுத்து ‘வாய்’. பார்வைக்கு நாலு பக்கமும் எண்ணிக்கைக்கு 3 கோடும் உள்ள சதுரம். கடைசியாகக் கதவை அவர் என் மணிக்கட்டுப் பக்கம் சாத்தினார். அத்தனை வருஷப் படிப்பில் நான் பாஸ் பண்ணியதாக உணர்ந்த பரீட்சை அது ஒன்றுதான்.

அகராதியும் கோட்டையே நம்பியிருந்தது. கடைப்பலகையில் தெரியாத எழுத்தைப் பார்த்தால் உடனே பொருள் கிடைக்காது. நின்று அதன் உறுப்பு எது என்று யூகித்து, உறுப்பு போக மிச்சக் கோடுகளை எண்ணி, ஷின்ஹுவா அகராதியின் பட்டியலில் அந்த உறுப்பின் கீழ், அத்தனை கோடுள்ள எழுத்துகளைத் தேடி, அவையும் பத்துப் பதினைந்து இருந்தால் முதல் கோடு கிடையா நெடுக்கா சரிவா என்று பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கோடு கூடக்குறைய எண்ணியிருந்தால் எழுத்து அங்கே இருக்காது. ஆனால் வேறு பத்து எழுத்துகள் இருக்கும். தேடிப்போனது கிடைக்காமல் தேடாதது வழியில் கிடைத்து, கடைசியில் எதற்காக அகராதியைப் பிரித்தோம் என்பதே மறந்துபோய், நடைபாதையில் குளிரில் நிற்போம். குழி, மேடு என்று பொருள் தரும் இரண்டு எழுத்துகளுக்கு எத்தனை கோடு என்று விடுதியில் பந்தயம் கட்டுவோம். அவை எழுத்தே இல்லை, குழி மேட்டின் படம், இரண்டுக்கும் 5. சரியாகச் சொன்ன சீனர்கள் குறைவு, நான் அதில் பீர் ஜெயித்திருக்கிறேன்.

பிறகு யந்திரங்கள் வந்தன. வாங் யோங்மின் 1983-இல் கண்டுபிடித்த ஊபி முறையில் எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்து, வரிசைப்படி விசைப்பலகையில் தட்டுவார்கள். தட்டச்சுப் பள்ளிகளில் பெண்கள் உறுப்புப் பட்டியலைப் பாட்டாக உருப்போட்டார்கள். அப்புறம் செல்போன் வந்தபோதும் 1-ஐ அழுத்தினால் கிடைக்கோடு, 2 நெடுக்கு, 3 இடச்சரிவு, 4 புள்ளி, 5 ஒடிந்த கோடு என்று வரிசைக்கு மரியாதை இருந்தது. கணினி வந்தால் கோடு செத்துவிடும் என்று பயந்த என் போன்றவர்கள் அந்த நோக்கியாவைப் பார்த்து ஆறுதலடைந்தோம். ஆறுதல் நீடிக்கவில்லை. ஒலியை ரோமன் எழுத்தில் அடித்தால் எழுத்துகள் தாமே வரிசை கட்டி நிற்கின்றன. விரலால் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும். கையால் எழுதியே ஆவேன் என்று திரையில் கிறுக்கினாலும், கோடுகளை எந்த வரிசையில் போட்டாலும் பெரும்பாலும் புரிந்துகொண்டுவிடுகிறது. லாவ்ஷி பார்த்தால் பென்சிலைக் கீழே வைத்திருப்பார்.

2013-இல் சீனத் தொலைக்காட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டி ஒன்று நடத்தினார்கள்; சொல்லைச் சொன்னால் கையால் எழுத வேண்டும். தேரை என்ற சொல் வந்தது. அரங்கில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுத முடியாமல் பேனாவைக் கடித்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது, கைபேசியில்.

சமீபத்தில் வூதாவ்கோவுக்குப் போனேன். ரயில் கேட் இல்லை. பழைய பாதை 2016-இல் மூடப்பட்டு, 2019 கடைசியிலிருந்து அதிவேக ரயில் பூமிக்கடியில் போகிறது. தண்டவாளம் இருந்த இடம் பூங்கா. சைக்கிளுக்குக்கூடக் கைபேசியைக் காட்டினால்தான் பூட்டுத் திறக்கிறது. முன்பு மூன்று வரிசைக்குப் பின்னால் நின்று காத்திருந்த கேட்டை இப்போது நிற்காமலே தாண்டிவிட்டேன், தாண்டியதே தெரியவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையற்பட்டியலைக் கேட்டேன். மேஜையில் ஒட்டியிருந்த கட்டத்தைக் காட்டினாள் பரிமாறுகிற பெண். என் கைபேசிக்கும் அந்தக் கட்டத்துக்கும் ஒத்துவரவில்லை. சரி, இங்கே பேர்போன பதார்த்தம் எது, எழுதிக்கொடம்மா என்று பேனாவை நீட்டினேன். மூடியைத் திருகுவதா இழுப்பதா என்று ஒரு கணம் யோசித்து, ‘ஹுய்கோரோ’ என்று கைத்துடைப்பானில் எழுதினாள். முதல் எழுத்து ‘ஹுய்’, பெட்டிக்குள் பெட்டி, 6 கோடு. வெளிப்பெட்டியை நாலு பக்கமும் மூடிவிட்டு அப்புறம் சின்னப் பெட்டியை உள்ளே போட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். லூ சுன் 1919-இல் வெளியிட்ட கதையில் கோங் யிஜி என்று ஒரு படித்த தரித்திரர் வருவார்; சாராயக் கடையில் நின்றுகொண்டே குடிக்கிறவர், பெயரே பிள்ளைகள் எழுதிப் பழகும் சிவப்பெழுத்துத் தாளிலிருந்து ஊர் வைத்த கேலிப்பெயர். அவர் கடைப்பையனைப் பிடித்துக்கொண்டு, இதே ஹுய் எழுத்தை நாலு விதமாக எழுதலாம், தெரியுமா உனக்கு என்று கேட்பார். பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வகுப்பில் அந்தக் கதையைப் படித்தபோது நான் முழுக்கப் பையன் கட்சி. இப்போது என் வாயிலிருந்து அவர் குரல் வந்தது. “ஆள் உள்ளே போன பிறகல்லவா கதவைச் சாத்த வேண்டும்?” அந்தப் பெண் முகத்தைத் திருப்பவில்லை, நன்றாகவே சிரித்தாள். “பள்ளிக்கூடத்துல எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க, தாத்தா. ஆனா போன்ல வரும்போதே கதவு சாத்தித்தானே வருது!”

தாத்தா என்றது வேறு.

ஊருக்குத் திரும்பியதும் பேரப்பிள்ளை ஒரு செயலியைக் கைபேசியில் போட்டுக்கொடுத்தாள். எழுத்தைக் காட்டும், விரலால் எழுத வேண்டும். வரிசை மாறினால் போன் கையில் உறுமுகிறது. இரண்டாவது முறையும் தப்பினால் அடுத்து எந்தக் கோடு என்று நீலமாக மின்னிக் காட்டுகிறது. இன்று உலகத்தில் என் கோடுகளின் வரிசையைப் பற்றி அக்கறைப்படுகிற ஒரே ஜீவன் அதுதான், அதற்கும் ஜீவன் கிடையாது. யோங் எழுதினேன். முதல் தடவையே நட்சத்திரம் கொடுத்துவிட்டது. லாவ்ஷி ஒருநாளும் கொடுக்காதது. யந்திரத்துக்கு வரிசை தெரிகிறது, கால் நீட்டி அழுந்தும் கடைசிச் சரிவின் கனம் தெரியவில்லை, என் போன்றவனுக்கு அது சௌகரியம்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் கைவலிக்க எழுதிய காலத்தில் சில எழுத்துகளின் வரிசையைப் பற்றி வாத்தியார்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது. யாரும் எழுதாத காலம் நெருங்க நெருங்கத்தான் சட்டம் கறாராகிக்கொண்டே வந்திருக்கிறது. 1996-இல் தைவான் தன் கையேட்டை வெளியிட்டது. 1997-இல் சீனா 7,000 எழுத்துகளுக்கு ஒவ்வொரு கோடாக வரிசை நிர்ணயித்தது. கைபேசியில் சீனர்கள் பேசினாலே எழுத்து வந்து விழுகிற 2020-இல் அதைத் திருத்தி, 8,105 எழுத்துகளுக்கு விரித்து, தேசியத் தரமாக அறிவித்தார்கள். இதற்கு நேர் எதிராக, வெளிநாட்டவருக்கான சீன மொழித் தகுதி, 2021 ஜூலை 1 முதல் அமலான விதிப்படி, 3,000 எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்கிறது. கையால் எழுதத் தெரிய வேண்டியது அவற்றில் 1,200 மட்டுமே. எங்கள் காலத்தில் படித்ததையெல்லாம் எழுதவும் வேண்டும். அந்தக் கணக்கில் என்னிடம் எழுத்துகள் கணிசமாக மிச்சமிருக்கின்றன. எல்லாம் வரிசை பிசகாதவை, கதவு சரியாகச் சாத்தியவை. யாருக்காவது வேண்டுமானால் ஹீரோ பேனாவோடு வரவும். மை நானே தருகிறேன்.